தசைப்பாலத்தின் கீழ் ஓடும் தமனி

இதயத்திற்கும் உணவு வேண்டும். உடல் முழுவதற்கும் குருதியை இறைத்துத் தரும் அவ்வுறுப்பு, தன் அறைகளில் நிரம்பி நிற்கும் குருதியிலிருந்து தன் பங்கை நேரே எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து பிரியும் இரண்டு சிறு குழாய்கள், இதயத்தின் மேற்புறத்தைச் சுற்றிப் படர்ந்து, கிளையும் கொம்புமாய்ப் பிரிந்து, அதன் தசைக்குக் குருதி ஊட்டுகின்றன. முடி சூட்டியது போலக் காணப்படுதலின் மேனாட்டார் இவற்றிற்கு மகுடத்தின் பெயரை இட்டனர். இலங்கைப் பாடநூல்கள் அக்கருத்தைத் தழுவி 'முடியுரு நாடி' என்கின்றன. தமிழகத்தார் 'இதயத் தமனி' என்பர். இரண்டும் நல்ல சொற்களே. இங்குப் பின்னது ஆளப்படுகிறது.

இத்தமனிகள் இயல்பாகத் தசையின்மேல், கொழுப்பாலாகிய ஒரு மெத்தையில் கிடக்கின்றன. இதயம் சுருங்குகையில் தசை இறுகும். மேலே கிடக்கும் குழாய்க்கு அவ்விறுக்கம் எட்டாது. ஆயினும் பலருக்குத் தமனி சிறிது தொலைவு சென்றபின் தசைக்குள் அமிழ்ந்து, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மறைந்து ஓடி, மீண்டும் மேலே வருகிறது. பிறவியிலேயே அமையும் இதனை மருத்துவர் தசைப்பாலம் என்பர். இதயத்தின் முன்புறமாய் இறங்கும் இடத் தமனிக் கிளையின் நடுப்பகுதியே இதற்குப் பெரும்பாலும் இடமாகிறது. இடக் கீழறையின் பெரும்பகுதிக்கு உணவூட்டுவது அக்கிளைதான் என்பதை நினைத்தால், இச்செய்தி ஏன் மருத்துவரை ஈர்க்கிறது என்பது விளங்கும்.

பாலம் என்பது தசையை நோக்கி இட்ட பெயர். தமனியின் பக்கம் நின்று நோக்கினால் அது பாலமன்று, சுரங்கம். 1951-இல் இதனை விரிவாக ஆராய்ந்த கைரிங்கர் என்பார், சுவருள் ஓடும் தமனி என்னும் பொருள்படவே பெயரிட்டார். பெயர் ஆராய்ச்சியில் ஈடுபாடுடைய தமிழாசிரியர்க்கு ஜொகூரிலேயே ஓர் ஒப்புமை கிடைக்கும். ஜொகூர் பாருவைச் சிங்கப்பூரோடு இணைக்க 1924-இல் திறக்கப்பட்ட பாதையை மக்கள் பாலம் என்றே சொல்லுகின்றனர். உண்மையில் அது கருங்கல்லைக் கொட்டி நிரப்பிய அணைக்கரை. நீரிணையின் ஓட்டத்தை மறித்து நிற்பது. 1998-இல் தஞ்சோங் குப்பாங்கில் திறக்கப்பட்ட இரண்டாவது இணைப்போ தூண்களின்மேல் நிற்பது. அடியில் அலை தடையின்றி ஓடும். தசைப்பாலங்களுள் மிகப் பல இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சில மட்டுமே முதல் வகையின் பக்கம் சாய்கின்றன. ஒரு நோயாளியிடம் காணப்பட்ட பாலம் எவ்வகையது என்பதே மருத்துவர் முன் நிற்கும் வினா. அவ்வினாவுக்கு விடை தேடும் கருவிகளுள் ஒன்றாகச் சி.டி. எனப்படும் கணினி வெட்டுப்படம் இன்று இடம்பெற்றுள்ளது.

ஓய்விலே உண்ணும் உறுப்பு

தசைப்பாலம் அண்மையில் கண்டுபிடித்ததன்று. 1737-லேயே ரெய்மன் என்னும் ஐரோப்பியர் இதனைக் குறித்திருக்கிறார். எனினும் இரு நூற்றாண்டுக்கு மேலாக இது பிணத்தை அறுத்து ஆராய்வோரின் குறிப்பேட்டில் ஒரு விந்தையாகவே கிடந்தது. உயிரோடிருப்பவரின் இதயத் தமனிக்குள் நேரே மருந்து செலுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் பிடிக்கும் முறை 1958-இல் அமெரிக்காவில் மேசன் சோன்ஸ் என்பாரால் வந்தது. 1960-இல் ஜெர்மானியராகிய போர்ஸ்ட்மன், இவிக் என்னும் இருவர் அத்தகைய படத்தில் ஒன்றைக் கண்டனர்: தமனியின் ஒரு பகுதி, இதயம் சுருங்குந்தோறும் ஒடுங்கி, விரியுந்தோறும் மீண்டும் நிரம்பிற்று. மாட்டின் மடியைப் பற்றிக் கறப்பது போன்றிருத்தலின், கறத்தலின் பெயராலேயே மருத்துவர் அதனைச் சுட்டலாயினர்.

துடிப்புத் தவறாமல் நசுங்கும் குழாயுடன் ஒருவர் எழுபது எண்பது ஆண்டுகள் நலமாக வாழ்வது எங்ஙனம்? இதயத் தசை உண்ணும் நேரத்தில் அதற்கு விடை இருக்கிறது. கை, கால், மூளை முதலியவற்றுக்கு இதயம் சுருங்கும்போது குருதி பீறிட்டுப் பாய்கிறது. இடக் கீழறையின் தசைக்கோ அந்நேரம் உண்ணும் நேரமன்று. தன் இறுக்கத்தால் தன்னுள் ஓடும் நுண்குழாய்களைத் தானே நெரித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு வரும் குருதியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல், அது விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் வந்து சேர்கிறது. ஆகவே சுருங்கும்போது தசைப்பாலம் தமனியை நெரித்தாலும் இழப்பு பெரிதன்று. உணவு வேளையல்லாத நேரத்தில் அடுக்களைக் கதவு சாத்தியிருந்தால் வீட்டார்க்கு என்ன குறை?

குறை வருவது வேளை சுருங்கும்போது. நாடி நிமிடத்திற்கு 70 எனில் ஒரு துடிப்பின் நேரம் ஒரு விநாடியில் நூற்றுக்கு 86 பங்கு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு. நாடி 120 ஆனால் ஒரு துடிப்புக்கு அரை விநாடியே உண்டு. அதில் ஓய்வு பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. சுருங்கும் நேரம் சிறிதளவே குறைய, ஓய்வு நேரமே பெரிதும் பறிபோகிறது. இத்துடன் இன்னொன்றும் உண்டு. ஆழமான பாலம் நெரித்த தமனி, தசை தளர்ந்தவுடன் முழு அளவுக்கு விரிந்துவிடுவதில்லை; ஓய்வின் முற்பகுதியையும் கடந்தே நிமிர்கிறது. விரைந்து ஓடுகையிலும், படி ஏறுகையிலும், அச்சமோ சினமோ மூளுகையிலும் தசைக்குத் தேவை மிகும், வேளையோ குறையும், குழாயோ காலந்தாழ்த்து விரியும். சிலர்க்கு நெஞ்சுவலி தோன்றுவது இவ்வாறே. தமனியில் கொழுப்படைப்பு ஏதுமின்றியே வலி வரலாம். அரிதாக மாரடைப்பும், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும், திடீர் மரணமும்கூடப் பதிவாகியுள்ளன. அரிதாக என்னும் சொல்லை ஆசிரியர்கள் மாணவர்க்கு அழுத்திச் சொல்லுதல் வேண்டும். இல்லையேல் வகுப்பறையிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் அன்றிரவு நெஞ்சைத் தடவிப் பார்ப்பர்.

கொழுப்பு காட்டிக்கொடுக்கிறது

சி.டி. கருவியின் வரலாறு சுவையானது. அதை அமைத்த காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு மருத்துவர் அல்லர், இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலார். கிராமபோன் வைத்திருந்த தமிழ் வீடுகளில் வழங்கிய நாய் முத்திரை இசைத்தட்டும் அந்நிறுவனத்தைச் சார்ந்ததே. 1971 அக்டோபர் முதல் நாளன்று இலண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளியின் தலை அக்கருவியால் படமெடுக்கப்பட்டது. அதன் அடிப்படைக் கணக்கைத் தனியே ஆராய்ந்திருந்த ஆலன் கார்மக்கும் அவரும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அக்காலத்தில் ஒரு வெட்டுக்கு நிமிடக் கணக்கில் நேரம் பிடித்தது. அசையாத மூளைக்கு அது போதும். ஒரு கணமும் ஓயாத இதயத்துக்கு அது எங்ஙனம் பொருந்தும்? ஒரே சுற்றில் பல வெட்டுகளைப் பிடிக்கும் கருவிகள் தொண்ணூறுகளின் இறுதியில் தோன்றி, 2004 அளவில் 64 வெட்டுக் கருவி வந்தபின்னரே இதயத் தமனிகள் நம்பத்தகுந்த அளவில் படத்தில் அகப்பட்டன.

இன்று சோதனை நடக்கும் முறை இது. நோயாளியின் மார்பில் இ.சி.ஜி. கம்பிகளை இணைத்து, கைச் சிரையில் அயோடின் கலந்த மருந்தை ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை விரைந்து செலுத்துகின்றனர். உடலெங்கும் ஒரு வெப்பம் பரவியது போன்ற உணர்வு தோன்றி மறையும். மருந்து இதயத் தமனியை அடையும் நொடியில், எக்ஸ்-கதிர்க் குழாய் உடலைச் சுற்றி விநாடிக்கு மூன்று நான்கு முறை சுழலுகிறது. மூச்சை அடக்கியிருக்க வேண்டிய நேரம் சில விநாடிகளே. நாடி நிமிடத்திற்கு 60 முதல் 65-க்குள் இருந்தால் படம் தெளிவாக வரும். அதற்காகப் பலருக்கு முன்னரே நாடியைத் தணிக்கும் மருந்து தரப்படுகிறது. இ.சி.ஜி. காட்டும் துடிப்பின் கட்டங்களோடு படங்களைப் பொருத்தி, இதயம் ஏறக்குறைய அசைவற்றிருக்கும் கணத்தைக் கணினி தேர்ந்தெடுக்கிறது.

தசைப்பாலத்தை இப்படம் எவ்வாறு காட்டுகிறது என்பதே இங்கு இன்றியமையாதது. சி.டி. படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் அடர்த்திக்கேற்ற எண் உண்டு. அவ்வளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. நீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000. கொழுப்பு நீரினும் இலேசானது. அதன் எண் கழித்தல் 100-ஐ ஒட்டியது. ஆதலின் கருமையாகத் தோன்றும். தசை சாம்பல் நிறம். அயோடின் நிரம்பிய தமனியோ முந்நூறைக் கடந்து வெண்மையாய் ஒளிரும். இயல்பான தமனி கரிய கொழுப்பு மெத்தையின் நடுவே வெள்ளிக் கம்பி போலக் கிடக்கும். அது தசைக்குள் புகும் இடத்தில் அக்கருங்கரை மறைந்து, வெண்கம்பியைச் சாம்பல் நிறம் சூழ்ந்துகொள்ளும். மீண்டும் மேலெழும் இடத்தில் கருங்கரை திரும்பவும் தோன்றும். உடல்நலக் கட்டுரைகளில் எப்போதும் வசை வாங்கும் கொழுப்பு, இவ்விடத்தில் எல்லைக்கல் போல நின்று உதவுகிறது.

பாலத்தின் நீளத்தையும் கனத்தையும் மில்லிமீட்டரில் அளக்கலாம். தமனியின் மேல் மூடிய தசை 2 மில்லிமீட்டருக்கு உட்பட்டால் மேலோட்டமானது என்றும், அதற்கு மிகுந்தால் ஆழமானது என்றும் பலர் பகுக்கின்றனர். தசை முழுதும் சுற்றிக்கொண்டதா, பாதி புதைந்து முதுகு வெளியே தெரிகிறதா என்பதும் குறிக்கப்படும். ஒரே துடிப்பின் விரிந்த கட்டத்தையும் சுருங்கிய கட்டத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டால், குழாய் எவ்வளவு ஒடுங்குகிறது என்பதும் புலனாகும்.

எண்ணிக்கை ஏன் முரண்படுகிறது

தசைப்பாலம் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்டால் மூன்று விடைகள் வரும். ஆஞ்சியோகிராம் எனும் பழைய முறைப்படி எண்ணினால் நூற்றுக்கு ஆறு பேரையும் எட்டாத கணக்குகள் பல. சி.டி. கொண்டு எண்ணினால் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது. பிணப் பரிசோதனையில் எண்ணினால் நாற்பதை ஒட்டியும், சில ஆய்வுகளில் அதற்கு மேலும் ஏறுகிறது. மூவரும் பொய் சொல்லவில்லை. ஆஞ்சியோகிராம் குழாயின் உள்ளே ஓடும் மருந்தின் நிழலை மட்டும் காட்டுவது. குழாயைச் சூழ்ந்தது கொழுப்பா தசையா என்பதை அது அறியாது. நசுங்கினாலன்றி அதன் கண்ணுக்குப் பாலம் இல்லை. சி.டி. சுற்றுச்சூழலையும் காட்டுவதால் நசுங்காத பாலத்தையும் கணக்கில் சேர்க்கிறது. அறுத்துப் பார்ப்பவருக்கோ நூலிழை போன்ற தசையும் தப்பாது. நூற்றுக்கு நாற்பது பேரிடம் இருக்கக்கூடிய ஒன்றை நோய் என்று அழைப்பது பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. எலியின் இதயத் தமனிகள் இயல்பாகவே தசைக்குள்தான் ஓடுகின்றன. அது அதற்கு நோயன்று.

இங்கேதான் சி.டி.யின் வலிமையும் அதன் குறையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. அமைப்பைக் காட்டுவதில் அதற்கு ஈடு குறைவு. செயலைக் காட்டுவதிலோ அது தடுமாறும். வலி தோன்றுவது நாடி விரையும்போது. படம் எடுப்பதோ மருந்தால் நாடியைத் தணித்து, நோயாளியைப் படுக்கவைத்து, பெரும்பாலும் இதயம் ஓய்வுறும் கட்டத்தில். கதிரியக்கத்தைக் குறைக்கும் பொருட்டு இந்நாளில் பல இடங்களில் ஓய்வுக் கட்டத்தை மட்டுமே படமெடுக்கின்றனர். அது நோயாளிக்கு நன்மையே. ஆனால் சுருங்கிய கட்டம் பதிவாகாததால் ஒடுக்கத்தை அளக்க வழியில்லை. தசைப்பாலம் உண்டென்று முன்னரே ஐயமிருப்பின் இரு கட்டங்களும் வேண்டுமென மருத்துவர் கேட்டுக்கொள்வதுண்டு. ஆகவே சோதனைக்கு அனுப்பும் மருத்துவர் சீட்டில் எழுதும் ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

பாலம் ஆழமானது, வலியும் உண்டு எனில், உழைப்புச் சோதனை, நாடியை விரைவுபடுத்தும் மருந்தோடு கூடிய எக்கோ, தசைக்குக் குருதி சேர்வதைக் காட்டும் படம் என்பனவற்றால் தேவையான சான்று திரட்டப்படும். தமனிக்குள்ளேயே நுண்ணிய கம்பியைச் செலுத்தி அழுத்தத்தை அளப்பதும், ஒலியலைக் கருவியைச் செலுத்திக் குறுக்குவெட்டைக் காண்பதும் சிறப்பு நிலையங்களில் நடைபெறுவன. ஒலியலைப் படத்தில் பாலத்தின் கீழுள்ள தமனியை ஒட்டி ஒரு கரும்பிறை தோன்றும். மருத்துவர் அதனை அரைமதி என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். அறிவியலாரும் சில வேளை கவிஞராவர் போலும்.

பழி யார்மேல்?

மலேசியத் தமிழருக்கு இப்பொருளில் தனித்த அக்கறை உண்டு. இதயத் தமனி நோய் பல ஆண்டுகளாக நாட்டின் முதன்மையான மரணக் காரணங்களுள் ஒன்று. 2006-இல் தொடங்கிய தேசிய இதயநோய்ப் பதிவேட்டின் முதல் அறிக்கைகளில், மாரடைப்பு உள்ளிட்ட கடுந்தாக்குக்கு ஆளாகி மருத்துவமனை சேர்ந்தோருள் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்தியர். மக்கள்தொகையிலோ இந்தியர் நூற்றுக்கு ஏழு என்னும் அளவினரே. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணிப்பு, பெரியவர்களுள் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு என்றும், இந்தியருள் அது 31 என்றும் காட்டிற்று. ஜொகூர் பாரு, கூலாய், குளுவாங், சிகாமட் என எங்கிருந்து வந்தாலும், நெஞ்சுவலியென்று வரும் நீரிழிவுள்ள தமிழருக்குக் கொழுப்படைப்பு இருக்கக்கூடும் என்னும் ஐயமே முதலில் எழவேண்டும்.

அவருக்கு எடுத்த சி.டி. படத்தில் தசைப்பாலம் காணப்பட்டால் இரு வகைத் தவறு நிகழக்கூடும். காரணம் கிடைத்துவிட்டது என்று தேடுதலை நிறுத்திக்கொள்வது ஒன்று. வெறும் பிறவி அமைப்பு என்று முற்றும் தள்ளிவிடுவது மற்றொன்று. முதலாவதே மிகுதியும் கேடு தரும். ஏனெனில் பாலத்தின் கீழுள்ள பகுதியில் கொழுப்பு பெரும்பாலும் படிவதில்லை. ஆனால் பாலத்துக்குச் சற்று முன்னுள்ள பகுதியில் அது விரும்பிப் படிகிறது. அவ்விடத்தில் குருதியோட்டம் அலைக்கழிந்து, அழுத்தம் மாறி, குழாயின் உட்சுவர் துன்புறுவதே காரணம் என்பர். ஆற்றில் மதகுக்கு முன்னே குப்பை சேர்வதைக் கண்டவர்க்கு இது வியப்பன்று. ஆகவே படத்தைப் படிப்பவர் பாலத்தைக் கண்டவுடன் அதற்கு முன்னுள்ள பகுதியை இருமுறை பார்த்தல் வேண்டும்.

மருத்துவத்திலும் ஒரு திருப்பம் உண்டு. கொழுப்படைப்பால் நெஞ்சுவலி வருவோர் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் நைட்ரேட் மாத்திரையைப் பலர் அறிவர். தசைப்பாலத்தால் வலி வருவோருக்கு அது நிலைமையை மோசமாக்கக்கூடும். நாடியை விரைவுபடுத்தி, பாலத்தின் இரு புறமும் குழாயை விரித்து, நடுவில் நெரிபடுதலை மிகுவிக்கிறது. அம்மாத்திரையை அண்டை வீட்டாரிடம் கடன் வாங்கி உண்ணும் வழக்கம் எவ்வளவு இடர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. அதே மருந்தைச் சி.டி. எடுக்குமுன் தமனிகள் விரிந்து நன்கு தோன்றும் பொருட்டுத் தருவதும் உண்டு. படத்தைப் படிப்பவர் அதனையும் கருத்திற்கொள்ள வேண்டும். வலியுள்ளவர்க்கு முதலில் தருவது நாடியைத் தணித்து ஓய்வு நேரத்தை நீட்டும் பீட்டா தடுப்பு மருந்து. அது ஒவ்வாதவர்க்குக் கால்சியம் தடுப்பு மருந்துகளுள் சில. வலியற்றவர்க்கு மருந்து எதுவும் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

கொழுப்படைப்புக்கு இடும் ஸ்டென்ட் வளையம் இங்கு அவ்வளவாகப் பயன்படவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் தசை நெரிப்பதால் வளையம் முறிவதும், குழாய் மீண்டும் அடைபடுவதும், பொருத்தும்போதே குழாய் துளைபடுவதும் நேர்ந்துள்ளன. மருந்துக்கு அடங்காத சிலர்க்கு நெஞ்சைத் திறந்து, தமனியின்மேல் மூடியுள்ள தசையைக் கீறி விடுவிக்கும் அறுவையே வழி. 1975 முதல் அது செய்யப்பட்டு வருகிறது. பாலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு ஆழம், வலக் கீழறையின் சுவரை எவ்வளவு நெருங்குகிறது என்பனவற்றை அறுவைக்கு முன்பே வரைபடம் போலக் காட்டுவது சி.டி. படமே. பைபாஸ் அறுவைக்கும் அது உதவும். இணைக்க வேண்டிய தமனி மேலே காணப்படாமல் தசைக்குள் ஒளிந்திருந்தால், திறந்தபின் தேடிக் கீறுவதைக் காட்டிலும் முன்னரே அறிந்து செல்வது மேல்.

ஜொகூரில் அரசுத் துறையின் இதய மருத்துவத்துக்கு மையமாக விளங்குவது ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை. தனியார் துறையில் 1981-இல் தொடங்கிய கே.பி.ஜே. ஜொகூர் சிறப்பு மருத்துவமனை முன்னோடி. பின்னர் வேறு பலவும் வந்துள்ளன. சிக்கல் மிகுந்தவர்கள் கோலாலம்பூரில் 1992-இல் அமைந்த ஐ.ஜே.என். எனப்படும் தேசிய இருதய சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பப்படுவதும் உண்டு. சோதனைக்குச் செல்வோர் தம் சிறுநீரக நிலையையும், முன்பு அயோடின் மருந்தால் ஒவ்வாமை நேர்ந்திருப்பின் அதனையும், நீரிழிவுக்கு உண்ணும் மருந்தின் பெயரையும், கருவுற்றிருப்பின் அதனையும் முன்னரே சொல்லிவிடல் வேண்டும். எடுத்த படத்தை வட்டில் பதிந்து கேட்டு வாங்கி, அறிக்கைத் தாளோடு வீட்டில் வைத்திருப்பதும் நன்று. பின்னொரு நாள் வேறொரு மருத்துவர் அதைக் காண நேர்ந்தால், தாளில் உள்ள இரண்டு வரிகளைவிடப் படமே அவருக்கு மிகுதியும் பயன்படும்.